வீட்டு சாம்பிள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். லேப் டெக்னீஷியன் வேலையில் இருபத்து மூன்று வருஷம். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து தேய்ந்துபோயிற்று, சாயம் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் ஊதாவாகிவிட்டது. கோபம் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் அப்படியே இருக்கிறது. அதை இதுநாள்வரை மற்றவர்கள் மேல்தான் காட்டிக்கொண்டிருந்தேன். அது என் பக்கமே திரும்பிய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள எந்தக் குழந்தையின் ரத்தம் வந்தாலும், மெஷின் எண்ணிக்கை கொடுத்த பிறகும், ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு, மனிதக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மெஷினுக்கு எண்ணத் தெரியும், முகம் பார்க்கத் தெரியாது. இதற்கு அரை நாள் ஆகும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அது எந்த நோட்டிலும் எழுதப்படாதது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுடைய சொந்தக்காரர்கள் ரத்தம் கொடுத்தால், குழாயின் மூடியில் பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டுவிடுவோம். வீட்டு சாம்பிள் என்று அர்த்தம். அது வரிசையில் நிற்காது. நேராக மெஷினுக்குள் போகும், பேப்பர் வெளியே வரும், கையெழுத்து விழும், பத்து நிமிஷத்தில் ரிப்போர்ட் கையில். கண்ணாடி, சாயம் எதுவும் கிடையாது. நம்ம ஆளைப் போய்க் காக்க வைப்பதா? வாசல் காவலாளி முதல் கண் டாக்டர் வரை இந்தச் சலுகையை அனுபவிக்காதவர்கள் கிடையாது. எங்களுக்கென்று இருந்த ஒரே செல்வாக்கு அதுதான். எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

என் தங்கச்சி மகளை வீட்டில் கடுகு என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயது. பிறந்தபோது கையளவுதான் இருந்தாள், வாய் மட்டும் அன்றைக்கே பெரிது. தங்கச்சி போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவள். மந்திரியே வந்தாலும் அவள் கவுண்டரில் வரிசையில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் கடுகைத் தூக்கிக்கொண்டு லேப் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, ரெண்டு வாரமா முட்டி வலிக்குதுன்னு அழறா. காலையில எழுந்தா நொண்டுறா. மூட்டு டாக்டர் ரத்தம் பாக்கச் சொல்லியிருக்கார். எனக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸ். உன் லேப்தானே, சீக்கிரம் வாங்கிக் குடேன்."

"இதெல்லாம் ஒரு வேலையா? உக்காரு."

மூடியில் வட்டம் போட்டேன். மெஷினைப் பார்த்துக்கொள்பவர் எங்களில் மூத்தவர். அதோடு சண்டை போட்டுப் போட்டு அவருக்கு மெஷின் அண்ணன் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒன்பதே நிமிஷத்தில் பேப்பரை நீட்டினார். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரி. ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி. தட்டணுக்கள் எல்லைக்கோட்டில் நின்றன. "ஒண்ணும் பயமில்லடி, லேசா ரத்தசோகை. ஒழுங்காச் சாப்பிடச் சொல்லு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவளும் பதினோரு மணிக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தாள்.

மூட்டு டாக்டர் என் கையெழுத்தைப் பார்த்தார். ரத்தம் நன்றாக இருக்கிறது, அப்படியானால் குழந்தைகளுக்கு வரும் மூட்டு வாதம்தான் என்று முடிவு செய்து வலிக்கு ஒரு சிரப் எழுதினார். மூன்று வாரம் போயிற்று. வலி போகவில்லை. சாயங்காலமானால் உடம்பு வேறு சுட ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் கதவைத் திறந்ததும் என் மேல் பாய்கிறவள், அன்றைக்கு சோபாவில் சுருண்டு கிடந்தாள்.

"தூக்காதே பெரியம்மா. எலும்பு வலிக்குது."

முட்டி என்று சொல்லவில்லை, எலும்பு என்றாள். காட்டிய இடமும் மூட்டு இல்லை, முட்டிக்குக் கீழே கணைக்காலின் நடுப்பகுதி. அங்கே ஒரு நீலக் கன்றல். சாக்ஸ் அழுத்தும் இடத்தில் ஊசியால் குத்தினது மாதிரி சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். "எங்கடி விழுந்த?" என்று கேட்டேன். "நான் எங்கயும் விழல" என்று சிடுசிடுத்தாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒரு மாத்திரை அட்டையைச் சொருகியிருந்தார்கள்.

"நாளைக்குக் காலையில ஆரம்பிக்கணும். ஸ்டீராய்டாம், மூட்டு டாக்டர் எழுதியிருக்கார். ஒரே வாரத்துல ஓட ஆரம்பிச்சுடுவாளாம்" என்றாள் தங்கச்சி. அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிவு தெரிந்தது. மனசுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் ரத்தம்தான் சரியாக இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை ஷிஃப்ட். ஏழு மணிக்கு முதல் குழாய் வந்தது, யாரோ ஒரு நாலு வயதுக் குழந்தையுடையது. பழக்கதோஷத்தில் கை தானாகக் கண்ணாடித் துண்டை எடுத்தது. ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தேன். அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. கடுகின் ரத்தத்தை யார் கண்ணால் பார்த்தது? யாரும் பார்க்கவில்லை. அந்தக் குழாயும் குப்பைக்குப் போய் வாரக்கணக்காகிவிட்டது.

தங்கச்சிக்கு போன் அடித்தேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தேன், அதுவும் போகவில்லை. கோட்டைக் கழற்றக்கூட நிற்காமல் கிடைத்த வண்டியில் ஏறினேன். மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி உள்ளே நுழைந்தபோது, கடுகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தண்ணீர் டம்ளரோடு தங்கச்சி. மாத்திரை நாக்கின் மேல் இருந்தது.

"துப்பு!" என்று கத்தி அவள் வாய்க்குக் கீழே கையை நீட்டினேன்.

ஆறு வயசுக் குழந்தைக்குக் கசப்பு மாத்திரையைத் துப்பச் சொல்லி ஒருத்தர் கெஞ்சினால் அதைவிடச் சந்தோஷம் உண்டா? த்தூ என்று என் உள்ளங்கையில் துப்பிவிட்டு அம்மாவை வெற்றிப் பார்வை பார்த்தாள்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? டாக்டர் எழுதின மாத்திரை!"

"ரத்தத்தை மறுபடியும் பாக்கணும். பாத்ததுக்கு அப்புறம் அட்டை முழுக்கக் குடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நீதானே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

"நான் பாக்கல." மாத்திரையை மேஜையில் வைத்தேன். "மெஷின் பாத்துச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். நம்ம வீட்டு சாம்பிள்னு கண்ணாடியில தேச்சுப் பாக்காமலே விட்டுட்டேன்."

மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வேலைக்குக் கிளம்பி, கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். அதிகம் பேசாத மனிதர். "இந்த மாத்திரையைப் போட்டா என்னக்கா ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"வலி போயிடும்."

"அதுதானே வேணும்!" என்று தங்கச்சி வெடித்தாள்.

"அதான் பயமே. ரத்தத்துல கெட்ட செல் இருந்துச்சுன்னா, இந்த மாத்திரை அதுல பாதியைக் கொன்னுடும். மீதி போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் எவ்வளவு தேடினாலும் ஒழுங்காக் கிடைக்காது."

மாப்பிள்ளை பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "லிஃப்ட்ல சத்தம் வருதுன்னு கூப்பிடுவாங்க. புதுசா வேலைக்கு வர்றவன் முதல்ல எண்ணெயை விட்டுடுவான். சத்தம் நின்னுடும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாது. பத்தாம் நாள் கயிறு அறுந்து நிக்கும்." மகளைத் தூக்கிக்கொண்டார். "கிளம்பு, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

இந்தத் தடவை மூடியில் வட்டம் போடவில்லை. ஆறாவது எண் கிடைத்தது. ஐந்து பேருடைய கண்ணாடித் துண்டுகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தேன். ஆறாவதை வைத்தேன். முதலில் எல்லாம் நல்ல செல்களாகத்தான் வந்தன. கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனேன். நாற்பதைத் தாண்டியபோது அது வந்து நின்றது. செல் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரே உருண்டைக் கரு. சுற்றிலும் நூல் அளவுக்கு நீலம். கருவுக்குள்ளே மங்கலாக ஒரு பொட்டு. எலும்பு மஜ்ஜைக்குள் இருந்து வளர்ந்து ஆளான பிறகு வெளியே வர வேண்டியது, வளராமலேயே வெளியே வந்து நிற்கிறது. நூறு செல்களில் இப்படி நான்கு. வலது காலை மேஜைக் காலில் ஓங்கி உதைத்தேன். வலித்தது. உதைத்தாலாவது இது கனவு என்று ஆகுமா என்று பார்த்தேன், ஆகவில்லை.

லேபுக்குப் பொறுப்பான டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். "நாலுதானே? வைரஸ் காய்ச்சல்ல இந்த மாதிரி இருக்கும். ஒரு வாரம் கழிச்சுத் திரும்பப் பாக்கலாம்."

"காய்ச்சல்ல வர்ற செல்லை எனக்குத் தெரியும் சார். இது அது இல்ல."

"நீங்க டெக்னீஷியன்."

"ஆமா. அதனாலதான் உங்களைவிட அதிகமாப் பாத்திருக்கேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. மூட்டு டாக்டருக்கு போன் போட்டு என்னிடமே கொடுத்தார். அந்தப் பக்கம் குரல் சீறியது. "நான் எழுதின மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?"

"பொண்ணோட பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லேப் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி, மேலே அனுப்புங்க. ஆனா மூணு வாரம் முன்னாடி ஸ்லைடு போடலன்னு வாய் தவறிக்கூட யார்கிட்டயும் சொல்லாதீங்க. லேப் பேர் கெட்டுடும். நம்ம எல்லாருக்கும் ஆபத்து."

பதிவேட்டை எடுத்து, அந்தத் தேதியைப் புரட்டி, கடுகின் வரிக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினேன்: 'ஸ்லைடு பார்க்கப்படவில்லை. சொந்தக்காரக் குழந்தை என்று விதியை மீறியது நான்.' கீழே கையெழுத்தும் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு கண்ணாடியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு படியேறினேன்.

மேல்மாடியில் குழந்தைகளுக்கான புற்றுநோய் டாக்டரம்மா. ஐந்தடி உயரம்கூட இருக்க மாட்டார், நடை மட்டும் ஓட்டம் மாதிரி இருக்கும். கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "ஸ்டீராய்டு உள்ள போயிருக்கா?"

"நாக்கு வரைக்கும் போச்சு. துப்ப வெச்சுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க. இன்னைக்கே மஜ்ஜை எடுத்துடலாம்."

இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுப்பதற்கு முன் மயக்கம் கொடுப்பார்கள். "நான் தூங்க மாட்டேன், என்னைத் தூங்க வைக்கவே முடியாது" என்று கடுகு மயக்க டாக்டரிடம் சவால் விட்டாள். எண்ணச் சொன்னார்கள். மூன்று வரைக்கும் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். மஜ்ஜையில் நூற்றுக்கு எண்பத்தாறு கெட்ட செல். லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய். "குழந்தைங்களுக்கு வர்ற புற்றுநோய்ல இதுதான் அதிகம். சுத்தமா குணமாகிப் போற பிள்ளைங்களும் இதுல அதிகம். ஆனா ரெண்டு ரெண்டரை வருஷம் ஆகும். நடுவுல நல்லாயிட்டான்னு நிறுத்தக் கூடாது. இருபத்தொன்பதாம் நாள் திரும்ப மஜ்ஜை எடுத்துப் பாப்போம். அந்த ரிப்போர்ட் ரொம்ப முக்கியம். அதை வெச்சுத்தான் மேற்கொண்டு எவ்வளவு கடுமையாப் போகணும்னு முடிவு பண்ணுவோம்."

தங்கச்சி அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

டாக்டரம்மா என்னை ஒருமுறை பார்த்தார். "கண்ணால பாத்திருந்தா தெரிஞ்சிருக்கலாம். அந்த மூணு வாரத்துல பெரிசா எதுவும் கைமீறிப் போகல. ஆனா அந்த மாத்திரையைத் தனியா ஒரு மாசம் குடுத்திருந்தா கதையே வேற."

முன்பாதி மட்டும்தான் தங்கச்சியின் காதில் விழுந்தது. அவள் நாற்காலியை என்னிடமிருந்து நகர்த்திப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நான் செய்தது தப்புதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

அவள் மறுபடி என்னிடம் பேசியது மூன்றாம் நாள், அதுவும் சண்டைக்கு. நர்ஸ் அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்துச் சின்னக் கிண்ணத்தில் போட்டு வைத்தார். தங்கச்சி அட்டையின் பெயரைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதே மாத்திரை! அன்னைக்கு இதைத்தானே வாயிலேர்ந்து பிடுங்கின?"

"அதேதான். அன்னைக்கு இது ஆளில்லாம தனியா வந்துச்சு. இன்னைக்கு நரம்புல ஒண்ணு, தண்டுவடத்துல ஒண்ணு, இன்னொரு ஊசின்னு கூட்டாளிங்களோட வருது. எவனும் தப்பிச்சு ஒளிய முடியாது. எவன் எங்க இருக்கான்னும் நமக்குத் தெரியும்."

கடுகு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "இது எனக்குத் தெரியும். கசப்பு. துப்பட்டுமா பெரியம்மா?"

"இன்னைக்குத் துப்பின, தோலை உரிச்சுடுவேன்."

விழுங்கினாள். பிறகு கேட்டாள். "என் ரத்தத்துல என்னதான் இருக்கு?"

அவளிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். "இது நல்ல செல். பள்ளிக்கூடம் படிச்சு முடிச்சு வேலைக்கு வந்திருக்கு. இது கெட்டது. வளரவே மாட்டேன்னு அடம். வேலைக்கும் போகாம, இடத்தையும் காலி பண்ணாம, வீட்டை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற தடியன். இவனுங்க கூட்டம் போட்டதாலதான் உன் எலும்பு வலிக்குது."

"தடியனுங்க" என்று ருசித்துச் சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் ஒரே கேள்விதான். இன்றைக்கு எத்தனை தடியன் போனான்?

அந்த மாத்திரை வயிற்றில் இறங்கினால் பசியும் கோபமும் ஏறும். விடியுமுன் எழுந்து வேகவைத்த உருளைக்கிழங்கு வேண்டும் என்று வார்டையே எழுப்புவாள். உப்பு போதவில்லை என்றால் தட்டு பறக்கும். "அப்படியே பெரியம்மா" என்று மாப்பிள்ளை சிரிக்காமல் சொல்வார். பதினாறாம் நாள் தலையணை முழுக்க முடி. அதைப் பொறுக்கிப் பந்தாக உருட்டி வைத்திருந்து, டாக்டரம்மா வந்ததும் கையில் திணித்தாள். "இந்தாங்க, உங்க மருந்து புடுங்கினது. நீங்களே வெச்சுக்குங்க." அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விட்டன. நாலு நாள் காய்ச்சல் விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் உருளைக்கிழங்கு கேட்டுக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டு நான் நடைவழியில் நின்று அழுதேன்.

கீழே லேபில் வேறொரு சண்டை. பதிவேட்டில் சிவப்பு மையைப் பார்த்த யாரோ மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். வீட்டு சாம்பிளுக்குத் தடை வந்தது. இருபது வருஷச் சலுகை என்னால் போயிற்று என்று ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண் டாக்டர் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். சிவப்பு மை வரியை அடித்துவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று லேப் டாக்டர் சொல்லி அனுப்பினார். முடியாது என்றேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து ஜன்னலில் குழாய் வாங்குகிற வேலைக்குப் போட்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். ஜன்னலுக்கு வருகிற ஒவ்வொரு மூடியையும் நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வட்டம்கூட என்னைத் தாண்டி உள்ளே போகவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் லீவு போட்டேன். காலையில் கடுகுக்கு மறுபடி மயக்கம் கொடுத்து மஜ்ஜை எடுத்தார்கள். மாப்பிள்ளை வார்டில் அவள் பக்கத்தில் இருந்தார். தங்கச்சி லேப் வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன், நடுவே ஒரு ஆள் இடம் விட்டு. எங்கள் சீட்டில் பதினொன்று என்று இருந்தது. அந்தக் காலி இடத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் உதடு வெளுத்திருந்தது.

பக்கத்துக் கதவு லேசாகத் திறந்தது. மெஷின் அண்ணன் தலையை நீட்டினார். இத்தனை பேரில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். நேராகத் தங்கச்சியிடம் குனிந்தார்.

"கடுகோடது வந்துடுச்சும்மா. நீ இங்க உக்காந்து தவிக்க வேண்டாம். யாருக்கும் தெரியாம முதல்ல எடுத்துக் குடுத்துடறேன். டாக்டரை உடனே ஸ்லைடும் பாக்கச் சொல்றேன், எதையும் விட மாட்டோம். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

இதில் வாய் திறக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? உண்மையைச் சொன்னால், என் நெஞ்சே சரி என்று சொல்லேன் என்று அடித்துக்கொண்டது. இருபத்தொன்பது நாளாகக் காத்திருந்த ரிப்போர்ட். இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கக்கூட எனக்குத் திராணி இல்லை.

தங்கச்சி அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தாள். "உங்களுக்கு எந்த நம்பர்?"

"நாலுங்க. விடியக்காலையிலேர்ந்து உக்காந்திருக்கோம்."

"இவங்க நாலு" என்றாள் தங்கச்சி மெஷின் அண்ணனிடம். "இவங்களோடதை நல்லாப் பாருங்கண்ணே. நாங்க பதினொண்ணு."

"அதில்லம்மா, நம்ம வீட்டுப் பிள்ளை..."

"வரிசை" என்றாள்.

போஸ்ட் ஆபீஸ் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஊரையே நிறுத்தி வைக்கிற குரல் அது. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மெஷின் அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

மூன்றாம் எண் முடிந்து, நான்கு முடிந்து, அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் நடுவே மறுபடியும் இடம் காலியாயிற்று. ஏழாம் எண் போனபோது தங்கச்சி எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"உன் மேல கோபம் இன்னும் போகல."

"போக வேண்டாம்."

"என் மேலயும் போகல. சீக்கிரம் வாங்கிக் குடுன்னு நான்தானே வந்து நின்னேன். என் கவுண்டர்ல எவனாவது அப்படிக் கேட்டிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன்." எட்டாம் எண் போனதும், "நீ அன்னைக்கு ஓடி வந்து கையை நீட்டலன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. நடுவில் இருந்த இடத்தில் கையை வைத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கை சில்லிட்டிருந்தது.

மூன்று மணிக்கு மேல் மாப்பிள்ளை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் மொட்டைத் தலையும் உப்பிய கன்னமுமாகக் கடுகு. அந்த நேரம் பார்த்து ஜன்னல் திறந்தது. பதினொன்று என்று கூப்பிட்டது லேப் டாக்டரே. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். பிறகு பேப்பரை என் கையில் கொடுத்தார். "ஐநூறு செல் எண்ணியிருக்கேன். ரெண்டு தடவை. நானே என் கண்ணால" என்றார்.

படித்தேன். மறுபடி படித்தேன். மஜ்ஜை தன் வேலைக்குத் திரும்பியிருக்கிறது, கெட்ட செல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாததையும் தேடிப் பிடிக்கிற இன்னொரு சோதனையின் முடிவு வர இரண்டு நாள் ஆனது. அதிலும் எதுவும் அகப்படவில்லை. ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது இந்த ஒரு பேப்பர்தான். தங்கச்சி அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, பெஞ்சில் அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள்.

"எத்தனை தடியனுங்க?" என்று கேட்டாள் கடுகு.

"ஒருத்தனும் கண்ணுல படல."

"எங்கயாவது ஒளிஞ்சிருப்பானுங்க."

"இருக்கலாம். அதுக்குத்தான் இன்னும் ரெண்டு வருஷம் மருந்து."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைவிடக் கோபமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷம்தானே? ஒருத்தன் வெளிய தலையை நீட்டட்டும், பாத்துக்கறேன். இப்ப உருளைக்கிழங்கு வாங்கித் தா."

உள்ளேயிருந்து பன்னிரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். பின்னால் ஒரு தகப்பன் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் எழுந்து அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டோம்.